கடல் மீனுக்கு ஓர் அழைப்பு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கையில் கழியும் தோளில் துணிப்பையுமாக மும்பையின் மின்சார வண்டியில் ஏறுகின்ற ஒரு மனிதரை வாசக அன்பர்கள் என்றேனும் கண்டிருக்கக்கூடும். அவர் ஏறிய சிறிது நேரத்திற்கெல்லாம் அந்தப் பெட்டியில் இருப்போர் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபுறம் நகர்வதையும் கண்டிருக்கலாம். அந்த மனிதர் நாமே. பையில் இருப்பது குற்றமான பொருள் அன்று. கடல் மீனை வரவழைப்பதற்கென்று வீட்டில் கலந்து எடுத்துச் செல்லும் இரை.

சென்ற திங்கள் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்தபின், அன்பர் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டு, "அந்தக் கலவையின் இரகசியம் யாது?" என்று வினவினர். இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டத்து வாயிலில் நின்று சொல்லி முடிக்கத்தக்க செய்தியும் அன்று. செய்முறையை மட்டும் சொல்லி, அது எந்த நீரில் எந்த நேரத்தில் பயன்படும் என்பதைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. அவ்வாறு விட்டதனால் வந்த துன்பத்தை நாமே ஒருமுறை பட்டிருக்கிறோம். ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

தூண்டில் போடுவோர் பயன்படுத்தும் இரை இருவகைப்படும். முள்ளில் கோத்துப் போடுவது ஒன்று. நீரில் தூவி மீனைக் கூட்டுவது மற்றொன்று. முன்னது மீனைப் பிடிப்பது. பின்னது மீனை அழைப்பது. நம் மக்களிற் பெரும்பாலோர் முன்னதை மட்டுமே அறிவர். இறாலையோ புழுவையோ முள்ளில் குத்தி எறிந்துவிட்டு, வழியே போகும் மீன் தானாக வந்து கடிக்கும் என்று காத்திருப்பர். குளத்திற்கு அது போதும். கடல் பெரிது, மீனுக்குச் செய்தி அனுப்பினாலன்றி அது நம் முள்ளைத் தேடி வாராது.

இந்த வித்தையை நமக்குக் கற்பித்தவர் நம் தந்தையார். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தவர். மாலையில் வேலை முடிந்ததும் உப்பளத்து ஓடைக்கரையில் கைத்தூண்டிலோடு அமர்ந்துவிடுவார். அவருடைய கலவைக்கு அவர் இட்ட பெயர் 'மருந்து'. நஞ்சென்று எவரும் எண்ணிவிட வேண்டா. எல்லாம் தின்னும் பொருளே. கடலைப் பிண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைப்பார். மறுநாள் அதனுடன் தவிட்டைச் சேர்ப்பார். சந்தையில் விலைபோகாத சாளை மீனைத் தலையும் குடலுமாக அம்மியில் நசுக்கிக் கலப்பார். ஓடைக்கரை மணலில் ஒரு பிடி சேர்த்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, கால்மணிக்கு ஒன்றாக நீரில் விடுவார். சிறிது நேரத்தில் மடவை மீன்கள் கூட்டங்கூட்டமாக வரும். தெளிந்த நீரில் அவை வருவதை நாம் கரையிலிருந்தே கண்டிருக்கிறோம்.

"மீனுக்கு மூக்குதாம்லே கண்ணு" என்பார் தந்தையார். அவர் பள்ளியில் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னது உண்மை. மீனின் மூக்குத் துளைகள் மூச்சு விடுவதற்காக அமைந்தவை அல்ல. நீர் ஒரு துளை வழியே புகுந்து மற்றொன்றின் வழியே வெளியேறும். இடையில் அதில் கரைந்துள்ள பொருள்களை மீன் உணர்ந்துகொள்ளும். சதையிலிருந்து கசியும் புரதச் சத்தின் கூறுகள் நீரில் மிகச் சிறிதளவே கரைந்திருந்தாலும் மீனுக்கு அவை விளங்கும். கெளுத்தி மீனுக்கோ மீசையில் மட்டுமன்றி உடல் முழுவதிலுமே சுவையறியும் உறுப்புகள் உண்டு. அது நீந்துகின்ற நாக்கு என்றே சொல்லலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். எண்ணெய் நீரில் கரையாது, மிதக்கும். ஆகவே மத்தி எண்ணெயை மட்டும் ஊற்றுவோர் நீரின் மேற்பரப்பில் பளபளப்பைக் காண்பரேயன்றி, அடியில் மேயும் மீனுக்கு அதனால் பெரிதும் பயன் இல்லை. அடியில் மேய்வதை அழைக்க வேண்டுமாயின் நசுக்கிய சதையின் சாறு வேண்டும். அந்தச் சாறு அடிக்குச் சென்று சேர மணலோ கல்லோ வேண்டும். தந்தையார் மணல் கலந்தது இதற்காகவே.

நிற்க. 14 ஆண்டுகளுக்கு முன் நாம் இரயில்வேயில் எழுத்தர் வேலை பெற்று மும்பைக்கு வந்தோம். பார்சல் அலுவலகத்தில் பணி. கருவாட்டுக் கூடைகள் வந்து இறங்கும்போது மற்ற எழுத்தர்கள் முகத்தைச் சுளிப்பர். நமக்கோ ஊர் நினைவு வந்துவிடும். ஓராண்டு கழித்து, கடற்கரையில் பாறைகள் மீது நின்று சிலர் தூண்டில் எறிவதைக் கண்டோம். உடனே மாட்டுத் தீவனக் கடையைத் தேடிச் சென்று பிண்ணாக்கு வாங்கி, தந்தையாரின் மருந்தை அளவு பிசகாமல் கலந்து எடுத்துச் சென்றோம்.

ஒரு மீனும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் மும்பைக் கடலுக்குப் பிண்ணாக்குத் தானம் செய்தோம் என்பதே உண்மை. நம் இல்லத்தாள் ஒருநாள், "அந்தப் பிண்ணாக்கை எருமைக்குப் போட்டிருந்தாலாவது பால் கிடைத்திருக்குமே" என்றாள். மறுமொழி சொல்ல வகையில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. தூத்துக்குடியில் கடலின் ஏற்ற இறக்கம் மிகச் சிறிது. 3 அடி என்றாலே அது பெரிது. மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 15 அடி வரையிலும் நீர் ஏறி இறங்குகிறது. அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்திற்குள் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்திற்குள் போயாக வேண்டும். ஆகவே நீரோட்டம் கடுமையானது. தந்தையாரின் உருண்டை விழுந்த மாத்திரத்தில் கரைந்து ஓடிவிடும். அதனைத் தேடி மீனும் ஓடிவிடும். நாம் அழைப்பிதழை அனுப்பினோம். ஆனால் விருந்து நடக்கும் இடமோ அரை மைலுக்கு அப்பால் போய்விட்டது! அன்றியும் இங்குள்ள நீர் சேறு கலந்து கலங்கியது. இங்கே மீன் கண்ணை நம்பி வருவதற்கில்லை. வாசனை ஒன்றே வழிகாட்டி. ஆதலின் வாசனை ஒரே இடத்திலிருந்து விடாமல் கசிந்துகொண்டிருக்க வேண்டும்.

அதற்கேற்பக் கலவையை மாற்றினோம். இப்போது நாம் செய்யும் முறை இதுவே. கடலைப் பிண்ணாக்கு 1 கிலோவை இடித்து முதல்நாள் இரவு ஊறவைக்க வேண்டும். பூசணம் பூத்த பிண்ணாக்கை வாங்கவே கூடாது. ஊறவைக்காத பிண்ணாக்கும் ஆகாது. அது மீனின் வயிற்றுக்குள் போய் உப்பும். சாளை இங்கே எப்போதும் மலிவாகக் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக இந்நகரத்தில் 'ஜவளா' என்று விற்கப்படும் காய்ந்த கூனியைக் கால் கிலோ வாங்கிப் பொடித்துக்கொள்கிறோம். நம்மூரில் சென்னாக்கூனி என்பதும் இதுவே. மீன் அங்காடியில் இறால் உரிப்போர் ஒதுக்கும் தலைகளைக் கேட்டால் பெரும்பாலும் விலையின்றியே தருவர். அவற்றை நசுக்கிச் சேர்த்தால் சாறு மிகுதி. பழைய பாவ் ரொட்டி ஆறேழு, தவிடு அரைக் கிலோ, கைப்பிடி உப்பு. இவற்றை ஒன்றாகப் பிசைந்து, மைதா மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சப்பாத்தி மாவினும் சற்று இறுகலாகக் கொண்டுவர வேண்டும். குழாய் நீரை மிகுதியாக ஊற்றிவிட வேண்டா. கடைசிப் பிசைவைக் கரைக்குச் சென்றபின் கடல்நீரிலேயே செய்தல் நன்று.

இறுக்கம்தான் முக்கியம். ஓர் உருண்டையைப் பக்கெட் நீரில் இட்டுப் பாருங்கள். உடனே சிதறினால் மாவு போதவில்லை. பத்து நிமிடமாகியும் அப்படியே கிடந்தால் மாவு மிஞ்சிவிட்டது. இன்னும் சிறிது தவிடு சேர்க்க வேண்டும். மேல்தோல் மெல்ல மெல்ல உதிர்ந்துகொண்டே இருப்பதுதான் பதம்.

ஓட்டம் மிகுந்த நாட்களில் உருண்டையும் நில்லாது. அப்போது வெங்காயம் வருகின்ற வலைப்பை கைகொடுக்கும். கலவையை அதில் அடைத்து, உள்ளே ஒரு கல்லையும் இட்டு, வாயை இறுகக் கட்டி, தனிக் கயிற்றில் இறக்கிவிட வேண்டும். அவ்வப்போது கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் வலைக்கண் வழியே கலவை கசியும். தூண்டில் நரம்பு அந்தப் பைக்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக, பத்தடி தள்ளி இருத்தல் வேண்டும். மேற்பக்கம் போட்டால் வாசனை ஒருபுறமும் முள் ஒருபுறமுமாக முடியும். திரும்பும்போது பையையும் கயிற்றையும் தவறாமல் மேலே எடுத்துவிட வேண்டும். கடலில் விட்டு வருதல் பாவம்.

தூவும் இரையை மிகுதியாகப் போடுவதே புதியவர் செய்யும் பெரும் பிழை. விருந்துக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வயிறு நிறையச் சோறிட்டுவிட்டால் அவர் பந்தியில் அமர்வாரா? சிறிது சிறிதாக, ஆனால் இடைவிடாமல், அவ்வளவே. முள்ளில் கோக்கும் இரையும் தூவியதற்கு இனமானதாகவே இருத்தல் வேண்டும். மடவைக்கு வாய் சிறிது. சேற்றின் மேல் படிந்த பாசியையும் நுண்துகளையும் மேய்வது அதன் வழக்கம். ஆதலின் அதற்குச் சிறு முள்ளும், கோதுமை மாவில் கூனிப்பொடி கலந்த பட்டாணி அளவு உருண்டையும் போதும். அந்த மாவில் சிறிது பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் நீரில் எளிதில் கழன்று போகாது. கெளுத்திக்கும் கத்தாளைக்கும் மாவு வேண்டா. புதிய இறால் துண்டே சிறந்தது. அழுகல் நாற்றம் இருந்தால்தான் மீன் வரும் என்று சொல்வோர் உளர். நம் அனுபவத்தில் அழுகலுக்கு வருவது பெரும்பாலும் நண்டே; அது வந்து இரையை அரித்துத் தின்றுவிட்டுப் போகும்.

வீட்டு நிலையையும் சொல்ல வேண்டும். நாம் இருப்பது இரண்டு அறைக் குடியிருப்பு. அண்டையில் இருப்போரோ வெங்காயமும் தொடாத குஜராத்தி அன்பர்கள். முதன்முறை கூனியை மிக்சியில் அரைத்த அன்று அவர்கள் கதவைத் தட்டி, "எலி எங்கேனும் செத்துக் கிடக்கிறதா?" என்று மிகுந்த பரிவோடு விசாரித்தனர். நம் இல்லத்தாள் அன்றிரவு நம்மோடு பேசவில்லை. அதன்பின் கூனிக்கென்று ஒரு பழைய இரும்பு உரலை வாங்கி, மொட்டை மாடியில் இடிப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. கலவையை மூடி இறுகிய வாளியில் வைத்து, அதனைப் பையில் இட வேண்டும் என்பதும் உடன்பாட்டின் ஒரு விதி. இரயில் பயணிகளுக்கும் அவ்விதி பொருந்தும் என்பதை நாம் இன்னும் முழுமையாக நிறைவேற்றவில்லை என ஒப்புக்கொள்கிறோம்.

இனிச் சொல்லப் போவதற்காகவே இக்கட்டுரையை எழுதினோம்.

மாற்றிய கலவையை முதன்முதலாக எடுத்துச் சென்ற நாள் ஓர் அமாவாசை ஞாயிறு. பத்து வயதான நம் மகனையும் அழைத்துச் சென்றிருந்தோம். காலை ஆறரை மணி. கடல் வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கரையிலிருந்து நெடுந்தொலைவு பாறைகள் வெளிப்பட்டுக் கிடந்தன. கடைசிப் பாறை வரையில் செருப்பு நனையாமல் நடந்து சென்றோம். வலைப்பையை இறக்கினோம். எட்டு மணிக்கு முதல் மீன் கடித்தது. பின்னர் அடுத்தடுத்துக் கடிக்கத் தொடங்கின. ஓராண்டுக் காலம் வெறுங்கையோடு திரும்பியவருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்பதை அன்பர்களே எண்ணிப் பாருங்கள். மகன் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தான். நாம் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகுப்புறம் திரும்பவே இல்லை.

கடல் ஏறத் தொடங்கும்போது முதல் ஒரு மணி நேரம் மெல்லவே ஏறும். மூன்றாம் நான்காம் மணிகளில்தான் விரைவு மிகுதி. அது நாம் அப்போது அறியாத கணக்கு. ஒன்பது மணிக்கு எங்கிருந்தோ, "பாவூ! பாணி ஆலே!" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. 'அண்ணா, தண்ணீர் வந்துவிட்டது' என்பது பொருள். திரும்பிப் பார்த்தோம். நாம் நடந்து வந்த வழி காணவில்லை. நமக்கும் கரைக்கும் இடையே பழுப்பு நிறத்தில் நீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

பாறையில் சிப்பி பெயர்க்க வந்திருந்த கோளி இனத்து மூதாட்டி அவர். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்று கையை ஆட்டினார். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். அடியில் எங்கே பாறை, எங்கே பள்ளம் என்பது தெரியவில்லை. ஓரிடத்தில் கால் வழுக்கி முழங்கால் சிப்பியில் கிழிந்தது. மகன் நம் தலைமயிரைப் பற்றிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையார் எதிரே வந்து, அவன் கையைப் பற்றி, தமக்குத் தெரிந்த மேட்டு வழியில் எங்களைக் கொண்டுசேர்த்தார். தூண்டில், வாளி, பிடித்த மீன் எல்லாம் பாறையிலேயே போயின. கரையேறியபின் திரும்பிப் பார்த்தோம்; நின்றிருந்த பாறையின் உச்சி மட்டுமே தெரிந்தது. சிறிது நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

இரயில்வே அட்டவணையில் ஒரு நிமிடம் தவறினாலும் குறித்து வைக்கின்ற உத்தியோகம் நமது. கடலுக்கும் அட்டவணை உண்டு என்பது அன்றுவரை தோன்றவில்லை.

அன்று மாலை தந்தையாரோடு தொலைபேசியில் பேசினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, "அங்க வெள்ளம் எத்தன அடி ஏறும்?" என்று கேட்டார். சொன்னோம். "மருந்து நான் சொல்லிக் குடுத்தேன். அந்தத் தண்ணிய நான் பாக்கலயே, ஐயா" என்றார். நம்மை அவர் 'ஐயா' என்று அழைப்பது மனம் கலங்கிய வேளைகளில் மட்டுமே.

மறுவாரம் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு அந்த மூதாட்டியைத் தேடிச் சென்றோம். அவர் வீட்டு முதியவர் நமக்கு ஒரு கணக்கைக் கற்பித்தார். கொங்கணக் கரையில் வழங்கும் பழங்கணக்கு அது. திதியின் எண்ணை முக்காலால் பெருக்குக. வருவதே அன்று கடல் நிறைந்து நிற்கும் மணி. சதுர்த்தி நான்காம் திதி. ஆகவே மணி 3. அஷ்டமிக்கு மணி 6. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 15-ஐப் பெருக்கினால் பதினொன்றேகால் வரும். ஏறக்குறைய நண்பகல் எனக் கொள்ளலாம். பகலில் எந்த மணியோ, இரவிலும் ஏறத்தாழ அதே மணி. நிறைந்ததிலிருந்து ஆறு மணி கழித்து வற்றி நிற்கும். நம் வீட்டு நாட்காட்டியில் திதி அச்சிட்டிருக்கிறது. விரதத்திற்கும் நல்ல நாளுக்கும் மட்டுமே அதைப் பார்த்துவந்தோம். இக்கணக்கு மும்பைக் கரைக்கே உரியது. சென்னைக்கும் விசாகப்பட்டினத்திற்கும் கொல்கத்தாவிற்கும் நேரம் வேறு. அங்குள்ள அன்பர்கள் இதனை எடுத்துச் செல்ல வேண்டா. நுணுக்கமாக வேண்டுவோர்க்கு இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் துறைமுகவாரியாக ஓத அட்டவணை வெளியிடுகிறது.

இப்போது நாம் பெரும்பாலும் அஷ்டமி நவமியை ஒட்டிய நாட்களையே தேர்ந்துகொள்கிறோம். அந்நாட்களில் ஏற்றம் குறைவு; ஓட்டமும் தணிந்திருக்கும்; கலவை நின்று கசியும். அன்றியும் காலை ஆறு, ஆறரை மணிக்குக் கடல் நிறைந்துவிடும். அதன்பின் நீர் நம்மை விட்டு விலகிப் போகுமேயன்றி நம்மைச் சூழாது. விலகும் நீர் வாசனையையும் உடன்கொண்டு போவதால் வெளியில் உள்ள மீனுக்கும் செய்தி எட்டும். பாறை முனைக்கு இப்போது செல்வதில்லை. வசாய்க் கழியின் கரையோரமே போதும். நீர் நிறையும்போது அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே மடவை தானாகவே வருகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை, மழைக் காலத்தில் தூண்டிலைத் தொடுவதே இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கின்ற மாகிம் கழி போன்ற இடங்களில் மீன் எளிதில் கிடைக்கும். அதனை வீட்டிற்குக் கொண்டுவந்து குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. மற்றொன்று, இக்கலவைக்குக் கெளுத்தி கட்டாயம் வரும். அதன் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள், மூன்றிலும் நஞ்சுண்டு. கையால் பற்றாமல், தடித்த துணியாலோ இடுக்கியாலோ பிடித்து முள்ளைக் கழற்றுக. குத்திவிட்டால், பொறுக்கத்தக்க சூட்டில் வெந்நீரை நிரப்பி அரைமணி நேரமோ அதற்கு மேலோ அவ்விடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். கொதிநீர் கூடாது. பின்னர் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருக்கவும் கூடும்.

தந்தையார் வரும் தைத்திங்களில் மும்பைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடலைப் பார்க்க வேண்டுமாம். நம் மகன் இப்போதே நாட்காட்டியில் அஷ்டமி நாட்களைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறான். மற்ற நகரங்களில் தூண்டில் போடும் அன்பர்கள் தத்தம் நீருக்கு ஏற்ற கலவையையும் அதன் அளவையும் இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால் நன்றியோடு செய்து பார்ப்போம், மொட்டை மாடியில்தான்.